தாய்மாமன் சீராக ஒரு பேய்!

உங்கள் வீட்டில் பதினாலு வயசில் ஒரு ஜீவன் இருக்கிறதா? தம்பி, அக்கா பையன், சித்தப்பா பெண், ஹவுஸ் ஓனரின் வாரிசு... யாராக இருந்தாலும் சரி. அடையாளம் சொல்கிறேன். நாலு தரம் கூப்பிட்டால் 'ம்' என்று ஒரே ஒரு சத்தம் வரும். சாப்பிடும்போது கை தட்டில் இருக்கும், கண் செல்போனில் இருக்கும். "எப்படிடா படிக்கிறே?" என்று கேட்டால் "ஏதோ படிக்கிறேன் மாமா" என்று, கடன் வாங்கினவன் வட்டியைப் பற்றிப் பேசுகிற மாதிரி பதில் வரும்.

இந்த ஜீவனை ஒரு ஞாயிற்றுக்கிழமை பக்கத்துக் கிளை நூலகத்துக்குக் கூட்டிப் போய்ப் பாருங்கள். ஒரு பக்கம் குழந்தைகள் பகுதி. முயல் சிங்கத்தைக் கிணற்றில் தள்ளிய கதை, காக்காய் வடையைக் கோட்டைவிட்ட கதை. இன்னொரு பக்கம் டி.என்.பி.எஸ்.ஸி. கைடுகள், பொது அறிவுக் களஞ்சியங்கள், அவற்றைக் குடைந்துகொண்டு முப்பது பேர். நடுவில் நாளிதழைப் பிரித்துப் போட்டுக்கொண்டு ரிட்டயர்ட் ஆசாமிகள்.

நம்ம பயலுக்கு முயல் கதை படித்தால் மானம் போய்விடும். குரூப் ஃபோர் கைடு படிக்க இன்னும் வயசு வரவில்லை. அவன் என்ன செய்வான், பாவம்! பத்து நிமிஷம் அலமாரிகளைச் சுற்றிவிட்டு, "போலாமா மாமா?" என்பான்.

சிரிக்க வேண்டிய விஷயமில்லை சார் இது. பத்து வயசு வரைக்கும் கதை கதை என்று அலைந்த பையன்களும் பெண்களும் படிப்பை விட்டு நழுவிப் போவது இந்த இடத்தில்தான். இதற்கப்புறம் அவர்கள் கைக்கு வருகிற புத்தகமெல்லாம் பரீட்சைக்குத்தான். பரீட்சை முடிந்ததும் எடைக்குப் போட்டுவிடலாம். இருபத்தைந்து வயசில் உங்கள் பக்கத்து ஸீட்டில் வந்து உட்கார்ந்து, "எனக்குப் படிக்கிற பழக்கமே இல்லீங்க" என்று பெருமையாகச் சொல்வார்களே, அவர்களை உற்பத்தி செய்வது இந்த நடு அலமாரி இல்லாத குறைதான்.

அந்த நடு அலமாரியில் முதலில் யாரை உட்கார வைக்கலாம்? என்னைக் கேட்டால், பேயை!

முறைக்காதீர்கள். காரணம் இருக்கிறது.

காட்டாத பேய்தான் பெரிய பேய்

சினிமாவில் பேய் வந்தால் அது டைரக்டர் காட்டுகிற பேய். தலைவிரி கோலம், வெள்ளைப் புடவை, பின்னணியில் 'டொய்ங்ங்'. இரண்டாவது தரம் பார்த்தால் மேக்கப் தெரியும். புத்தகத்தில் அப்படி இல்லை. 'மாடிப்படியில் காலடிச் சத்தம் கேட்டது' என்று ஒரு வரி போட்டுவிட்டு எழுத்தாளர் நகர்ந்துவிடுவார். மாடிப்படி உங்கள் வீட்டு மாடிப்படிதான். காலடிச் சத்தமும் நீங்கள் போட்டுக்கொண்டதுதான். மெட்டீரியல், லேபர் எல்லாம் வாசகருடைய செலவு!

இந்த வேலையைச் செய்யத் தெரிந்துவிட்டால், அதாவது எழுத்தை மனசுக்குள் படமாக்கத் தெரிந்துவிட்டால், அப்புறம் அவன் எந்தப் புத்தகத்தையும் படிப்பான். பயம் அதற்கு நல்ல வாத்தியார். காரணம், பயந்தவன் நடுவில் எழுந்து போக மாட்டான். 'அந்தக் கதவுக்குப் பின்னால் யாரு?' என்று தெரியாமல் எவனுக்குத் தூக்கம் வரும்?

இன்னொரு சௌகரியமும் உண்டு. ரொம்பப் பயமாக இருந்தால் புத்தகத்தை மூடிவிடலாம். பேய் அப்படியே 83-ம் பக்கத்தில் காத்துக்கொண்டிருக்கும். எப்போது திறப்பது, எப்போது மூடுவது என்பதெல்லாம் நம்ம பயல் கையில். பதினாலு வயசில் வேறு எந்த விஷயத்தில் அவனுக்கு இவ்வளவு அதிகாரம் இருக்கிறது, சொல்லுங்கள்?

குமாஸ்தாக்கள் வளர்த்த பிசாசுகள்

'பேய்க்கதை எழுதறவனெல்லாம் சுடுகாட்டுப் பக்கம் சுத்தறவனா இருப்பான்' என்று நினைத்தால் தப்பு. நம்ம இனம் சார் அவர்கள். ஆபீஸ் இனம்!

பிராம் ஸ்டோக்கர், டிராகுலாவை உலகத்துக்குக் கொடுத்த புண்ணியவான், அயர்லாந்தில் டப்ளின் கோட்டை சர்க்கார் ஆபீஸில் வேலை பார்த்தவர். அவருடைய ஒரு பழைய புத்தகம் 1879-ல் வந்தது. பொருள்: சின்ன கோர்ட்டுகளின் குமாஸ்தாக்கள் செய்ய வேண்டிய வேலைகள்! அப்புறம் லண்டன் லைசியம் தியேட்டருக்குப் பல வருஷம் மானேஜர். 1897-ல் 'டிராகுலா'.

கதை எப்படி ஆரம்பிக்கிறது தெரியுமா? ஜோனதன் ஹார்க்கர் என்று ஓர் இளம் வக்கீல், லண்டன் பக்கத்தில் ஒரு பழைய பங்களா வாங்குகிற விஷயமாகக் காகிதங்களை எடுத்துக்கொண்டு திரான்சில்வேனியாவில் இருக்கிற ஒரு பிரபுவைப் பார்க்கப் போகிறான். நம்ம ஊர்க் கணக்கில் சொன்னால் பத்திரப் பதிவு வேலை. ஆபீஸ் டூர்! போன இடத்தில் பிரபு அவனுக்கு ராத்திரிச் சாப்பாடு போடுகிறார். தான் மட்டும் சாப்பிடுவதில்லை. சவரக் கண்ணாடியில் அவர் உருவம் தெரிவதில்லை. ஒரு நாள் ஜன்னல் வழியே பார்த்தால் மனுஷர் கோட்டைச் சுவரில் பல்லி மாதிரி தலைகீழாக இறங்கிக்கொண்டிருக்கிறார். டி.ஏ. பில்லில் இதையெல்லாம் எந்தத் தலைப்பில் எழுதுவது?

முழு நாவலும் டைரி, கடிதம், தந்தி, பேப்பர் கட்டிங் என்று ஒரு ஃபைலைப் புரட்டுகிற மாதிரி இருக்கும். மீனா என்கிற பெண் அத்தனையையும் தேதி வாரியாக டைப் அடித்து ஒழுங்கு பண்ணிய பிறகுதான் டிராகுலாவை எப்படிப் பிடிப்பது என்றே அவர்களுக்குப் பிடிபடுகிறது. ரத்தக்காட்டேரிக்கு எதிராக ஃபைலிங்! ரெக்கார்ட் செக்ஷன் நண்பர்கள் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம்.

அடுத்த குமாஸ்தா டபிள்யூ. டபிள்யூ. ஜேக்கப்ஸ். லண்டனில் போஸ்ட் ஆபீஸ் சேவிங்ஸ் பாங்கில் பல வருஷம் குப்பை கொட்டியவர். பெயர் வாங்கியது நகைச்சுவைக் கதைகளில். ஆனால் 1902-ல் 'குரங்கின் பாதம்' என்று ஒரு சிறுகதை எழுதி எல்லோர் வயிற்றிலும் புளியைக் கரைத்தார். காய்ந்துபோன ஒரு குரங்குக் கை மூன்று வரம் கொடுக்கும். ஒரு வயசான தம்பதி முதல் வரமாக 200 பவுண்டு கேட்கிறார்கள். பணம் மறுநாளே வந்து சேருகிறது. எப்படி வந்தது என்பதை நான் சொல்ல மாட்டேன். கடைசியில் ராத்திரி வேளையில் கதவு தட்டப்படுகிறது. கதவுக்கு அந்தப் பக்கம் இருப்பதை ஜேக்கப்ஸ் கடைசி வரை காட்டவே இல்லை. அரை மணி நேரத்தில் படித்துவிடலாம். அன்றைக்கு ராத்திரி பாத்ரூமுக்கு மட்டும் துணை வேண்டும்.

பதினெட்டு வயசுப் பெண் போட்ட போடு

1815 ஏப்ரலில் இந்தோனேசியாவில் தம்போரா எரிமலை வெடித்தது. அந்தத் தூசி வானத்தை மூடியதில் 1816-ல் ஐரோப்பாவுக்குக் கோடைக்காலமே வரவில்லை. ஒரே மழை, குளிர். ஜெனீவா ஏரிக்கரையில் ஒரு வீட்டில் மாட்டிக்கொண்ட சில நண்பர்களுக்குப் பொழுது போகவில்லை. அதில் ஒருவர் கவிஞர் பைரன். "ஆளுக்கொரு பேய்க்கதை எழுதலாமே" என்றார். பெரிய பெரிய கவிஞர்கள் எழுத ஆரம்பித்துப் பாதியில் விட்டார்கள். விடாமல் எழுதி முடித்தவள் மேரி. அப்போது வயசு 18!

அந்த நாவல்தான் 'ஃபிராங்கன்ஸ்டைன்'. 1818-ல் ஆசிரியர் பெயரே போடாமல் 500 பிரதி அச்சடித்தார்கள். இருநூறு வருஷம் தாண்டியும் அச்சில் இருக்கிறது. (ஒரு பந்தயத்துக்கு உதவும் தகவல்: ஃபிராங்கன்ஸ்டைன் என்பது பூதத்தின் பெயரில்லை. அதை உருவாக்கிய விஞ்ஞானியின் பெயர். பூதத்துக்குப் பெயரே கிடையாது.) தான் படைத்த உயிரை, அது அசிங்கமாக இருக்கிறது என்பதற்காகக் கைவிட்டு ஓடுகிறான் ஒருவன். அப்புறம் அதற்கு நேர்வதுதான் கதை. படிக்கப் படிக்கப் பூதத்தின் மேல் பரிதாபம் வந்துவிடும். பயத்தில் ஆரம்பித்துக் கருணையில் கொண்டு போய் நிறுத்துகிற புத்தகம். கொஞ்சம் கனமான நடை என்பதால் பதினாறு வயசுக்கு மேல் கொடுங்கள். அதற்கு முன்னால் என்றால் சுருக்கப் பதிப்பு போதும்.

இங்கிலீஷ் மீடியம் பொடிசுகளுக்கு ஆர். எல். ஸ்டைன் எழுதிய 'கூஸ்பம்ப்ஸ்' வரிசை உண்டு. 1992-ல் ஆரம்பித்து முதல் வரிசையிலேயே 62 புத்தகம். ஒவ்வொரு அத்தியாயமும் யாராவது வீறிட்டு அலறுகிற இடத்தில் முடியும். அடுத்த பக்கம் திருப்பினால் 'சே, பூனை!' என்றிருக்கும். பன்னிரண்டு வயசுக்கு அது போதும். அவரும் முதலில் ஜோக் எழுதிக்கொண்டிருந்தவர்தான். சிரிப்புக்கும் பயத்துக்கும் நடுவில் சுவர் ரொம்ப மெல்லிசு!

நம்ம ஊர்ச் சரக்கு

வெளிநாட்டுப் பேய்க்கே இவ்வளவு மரியாதை என்றால் உள்ளூர்ப் பேய் கோபித்துக்கொள்ளும். முருங்கை மரத்தில் தொங்குகிற வேதாளத்தைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்த விக்கிரமாதித்தன் பரம்பரை நாம்.

முதல் மரியாதை புதுமைப்பித்தனுக்கு. 'காஞ்சனை' என்று ஒரு சிறுகதை. வீட்டுக்கு ஒரு பெண் வேலைக்கு வந்து சேருகிறாள். ராத்திரியில் ஒரு வாசனை வருகிறது. அவ்வளவுதான் சொல்வேன். பேயா, பிரமையா என்று மனுஷர் கடைசி வரை சத்தியம் பண்ணிச் சொல்ல மாட்டார். 1948-ல் காலமான எழுத்தாளர், இன்றைக்கும் நடுங்க வைக்கிறார். இலக்கியம் என்றாலே கொட்டாவி விடுகிற பையனிடம் 'இது இலக்கியம்' என்று சொல்லாமல் கொடுத்துவிடுங்கள்.

அடுத்தது சுஜாதாவின் 'கொலையுதிர் காலம்'. பகலில் பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்ஸில் வேலை பார்த்தபடி கதை எழுதித் தள்ளியவர். (மறுபடியும் ஆபீஸ் இனம்!) காட்டுக்குள் ஓர் உருவம் தெரிகிறது. கொலை விழுகிறது. ஆவியா, விஞ்ஞானமா என்று கணேஷும் வசந்தும் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். படித்து முடித்த பையன், 'பேய் உண்டா இல்லையா' என்று உங்களோடு ஒரு மணி நேரம் சண்டை போடுவான். போடட்டும். 'ம்' மட்டும் சொல்லிக்கொண்டிருந்தவன் சார் அவன்! வசந்தின் ஜோக்குகளை முன்னிட்டு இதையும் பதினாறுக்கு மேல் வைத்துக்கொள்ளலாம்.

சாமி, சித்தர், பழைய ஓலைச்சுவடி என்று மர்மம் கேட்டால் 2024-ல் மறைந்த இந்திரா சௌந்தர்ராஜன் இருக்கிறார். 'விடாது கருப்பு' டி.வி.யில் வந்தபோது குதிரைக் குளம்புச் சத்தத்துக்கு நடுங்கி மின்விசிறியைக்கூட நிறுத்தாமல் போர்வைக்குள் போன தலைமுறை நாம். அந்தப் பயத்தின் சொந்தக்காரரை அடுத்த தலைமுறைக்கு அறிமுகம் பண்ணுவது கடமை.

பேய் ஒத்துவராத பிள்ளைகளுக்குத் துப்பறிவாளர்கள். தமிழ்வாணனின் சங்கர்லால் தேநீர் குடித்துக்கொண்டே உலகம் சுற்றுவார். ராஜேஷ்குமாரின் விவேக், சுபாவின் நரேந்திரன் - வைஜயந்தி, பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத் - சுசீலா என்று ஒரு பெரிய படையே உண்டு. படம் போட்டால்தான் படிப்பேன் என்கிற ஆசாமிக்குச் சிவகாசியிலிருந்து வருகிற காமிக்ஸ். 1972-ல் முத்து காமிக்ஸ் கொண்டுவந்த இரும்புக்கை மாயாவி மின்சாரம் பாய்ந்ததும் மறைந்து போவார், கை மட்டும் தெரியும். 1984-ல் லயன் காமிக்ஸும் சேர்ந்துகொண்டது.

ரொம்பப் பயந்த சுபாவமா? தேவனின் 'துப்பறியும் சாம்பு'. பாங்க் குமாஸ்தா வேலை போய், அசட்டுத்தனத்தையே மூலதனமாகப் போட்டுத் துப்பறிகிறவர். பி.காம். படித்த நானே சொல்கிறேன், இவ்வளவு லாபம் தந்த முதலீடு வேறில்லை.

நிஜத்தில் நடந்த பயம்

'எல்லாம் கட்டுக்கதை' என்று உதட்டைப் பிதுக்குகிற பையன் இருப்பான். அவனுக்கு ஜிம் கார்பெட். கேதார்நாத், பத்ரிநாத் போகிற யாத்திரைப் பாதையில் ருத்ரப்பிரயாக் பக்கம் ஒரு சிறுத்தை எட்டு வருஷத்தில் 125 பேரைத் தூக்கிப் போனதாகச் சர்க்கார் கணக்கு. இருட்டினால் ஊர் ஊராகக் கதவடைப்பு. 1926-ல் கார்பெட் அதைச் சுட்டு வீழ்த்துகிற வரை நடந்த கதையைத் தனிப் புத்தகமாகவே எழுதியிருக்கிறார். சத்தமே போடாமல் வந்து சத்தமே போடாமல் போகிற அந்தச் சிறுத்தைக்கு முன்னால் எந்தப் பேயும் எல்.கே.ஜி.தான். அதைவிட, காயத்தாலோ முதுமையாலோ வழக்கமான இரையைப் பிடிக்க முடியாமல் போன புலிதான் பெரும்பாலும் மனுஷனைத் தேடி வருகிறது என்று அவர் சொல்லும்போது, வில்லன் மேல் இருந்த கோபம் இறங்கிவிடும்.

நம்ம பக்கத்துக் காடு வேண்டுமா? பெங்களூர்க்காரர் கென்னத் ஆண்டர்சன். 1954-ல் வந்த அவருடைய முதல் புத்தகத்திலேயே ஜவளகிரிப் புலி வருகிறது. ஜவளகிரி எங்கே இருக்கிறது? இன்றைய கிருஷ்ணகிரி மாவட்டத்தில், ஓசூரிலிருந்து பஸ் ஏறிப் போகிற தூரத்தில்! வரைபடத்தில் விரலை வைத்து, 'இங்கதான்டா நடந்துச்சு' என்று காட்ட முடிகிற பயத்துக்கு இருக்கிற ருசியே தனி.

'கெட்டுப் போயிடுவான்!'

அக்கா சும்மா இருப்பாளா? "ஏன்டா, நீ கெட்டது போதாதா? புள்ளைக்குப் பேய்க்கதை கொடுக்கறே. ராத்திரி பயந்து அலறினா நீயா வந்து விபூதி பூசுவே?"

நியாயமான கேள்விதான். எல்லாப் பிள்ளைகளுக்கும் பேய் ஒத்துக்கொள்ளாது. வீட்டில் சமீபத்தில் ஒரு சாவு நடந்திருந்தால் இந்தப் பக்கமே வேண்டாம். மேலே சொன்ன நாவல்களில் பெரியவர்களுக்கு மட்டுமான சமாச்சாரம் இருப்பவையும் உண்டு. அதனால் முதலில் நீங்கள் படியுங்கள். (இதைவிட சுகமான தணிக்கை வேலை உலகத்தில் கிடையாது.) ஆனால் அக்காவுக்கு ஒன்று சொல்லலாம். அவன் கையில் இருக்கிற போனில் வராத பயங்கரமா? அதை யாரும் முன்கூட்டிப் பார்த்துக் கொடுப்பதில்லை. புத்தகத்தையாவது நாம் பார்த்துக் கொடுக்கிறோம்.

கொடுக்கிற விதம்

'இதைப் படிடா, உனக்கு நல்லது' என்றால் தீர்ந்தது. கஷாயம் ஆகிவிடும். சில உபாயங்கள்:

முதல் அத்தியாயத்தை நீங்கள் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள். கதவு தட்டப்படுகிற இடத்தில், "சரி, தூக்கம் வருது" என்று மூடி வைத்துவிட்டுப் போய்ப் படுங்கள். கரண்ட் போன ராத்திரியாக இருந்தால் உத்தமம்.

நூலக உறுப்பினர் சீட்டை அவன் பெயரிலேயே எடுத்துக் கொடுங்கள். காப்புத்தொகை ஒரு சினிமாச் செலவைவிடக் குறைவுதான். தன் பெயர் போட்ட அட்டையும், கையெழுத்துப் போட்டு எடுக்கிற உரிமையும் அந்த வயசில் பெரிய கௌரவம்.

இருபது பக்கத்தில் பிடிக்கவில்லை என்றால் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு எடுக்கட்டும். பரீட்சையா வைக்கப் போகிறோம்? 'இந்தக் கதையின் நீதி என்ன' என்று மட்டும் தயவுசெய்து கேட்காதீர்கள்.

கடைசியாக, நூலகரிடம் கேளுங்கள். கேட்காததால்தான் நடு அலமாரி இல்லை. அநேக நூலகங்களில் வாசகர் வட்டம் இருக்கிறது. 'பதிமூன்று முதல் பதினாறு வயசுக்கு ஒரே ஒரு அலமாரி, மேலே மர்மம் - சாகசம் என்று ஒரு போர்டு' என்று நாலு பேர் சேர்ந்து எழுதிக் கொடுங்கள். அநேகமாகப் புத்தகங்கள் ஏற்கெனவே உள்ளேதான் இருக்கும், மூலைக்கு ஒன்றாக. சேர்த்து வைக்க வேண்டியதுதான் பாக்கி.

இதெல்லாம் புதுசாக நான் கண்டுபிடித்ததில்லை. சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன், கணக்கு வாத்தியாராக இருந்து நூலகத்துக்கு வந்தவர், 1931-லேயே ஐந்து விதிகளில் எழுதி வைத்துவிட்டார். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான புத்தகம், ஒவ்வொரு புத்தகத்துக்கும் அதற்கான வாசகர் என்பது அதில் இரண்டு. உலகம் பூராவும் நூலகப் படிப்பு படிக்கிறவர்கள் இந்த விதிகளைப் படிக்கிறார்கள். நம்ம மாநிலத்தில் 1948-லேயே நூலகத்துக்குச் சட்டம் வந்துவிட்டது. இன்றைக்கு நாலாயிரத்துக்கும் மேல் நூலகங்கள் இருக்கின்றன. அதில் எங்கோ ஓர் அலமாரியில் தூசியோடு டிராகுலா உட்கார்ந்திருக்கிறார். பாவம், ரொம்ப நாளாகப் பட்டினி!

காது குத்துக்கு மோதிரம் போட்டாயிற்று. பிறந்த நாளுக்குச் சட்டை எடுத்தாயிற்று. இந்த வருஷம் தாய்மாமன் சீராக அவனுக்கு ஒரு பேயைக் கொடுத்துப் பாருங்கள். ராத்திரி பதினொரு மணிக்கு அவன் அறையில் விளக்கு எரிந்தால், எட்டிப் பார்த்து, "இன்னும் தூங்கலையாடா?" என்று மட்டும் கேளுங்கள்.

"இன்னும் ஒரே ஒரு அத்தியாயம் மாமா!" என்று பதில் வந்தால், சத்தம் போடாமல் கதவைச் சாத்திவிட்டு வந்துவிடுங்கள்.

மெதுவாகச் சாத்துங்கள், சார். பையன் பயந்துவிடப் போகிறான்!